ரெண்டு பேர் படுக்கிற வண்டி

அந்த வண்டியை முதலில் பார்த்தது நான்தான். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால் பிற்பாடு என் வீட்டுக்காரர் போடி முழுக்க, தானே அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் பார்த்த நேரத்தில் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஈர ஏலக்காயை ஏன் விலைக்கு எடுத்தாய் என்று காதில் மாட்டியிருந்த கருவி வழியாக யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்குப் போகிற வழியில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காய்த் தோட்டம் உண்டு. அதைப் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பி வரும்போது, ஒரு வீட்டு முற்றத்தில் அது நின்றது. பலாக்கொட்டையை நெடுக்கில் பிளந்து இரண்டு சக்கரத்தின் மேல் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு வெள்ளை வண்டி. பக்கவாட்டில் ஒரு குட்டிக் கதவு, வட்டமாக ஒரு ஜன்னல். விற்பனைக்கு என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிய அட்டையைக் கதவில் ஒட்டியிருந்தார்கள்.

"நிறுத்துங்க" என்றேன்.

"என்ன, வாந்தி வருதா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மலைப்பாதையில் நான் வண்டியை நிறுத்தச் சொன்னால் இவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

அந்த வீட்டின் சொந்தக்காரர் வெளியே வந்தார். வளைகுடாவில் ரொம்ப வருடம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்ட மலையாளத்துக்காரர். வண்டியைத் தன் கையாலேயே செய்ததாகச் சொன்னார். கதவைத் திறந்தால் உள்ளே மெத்தை மட்டும்தான். நிற்க முடியாது, தவழ்ந்து போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். தலைமாட்டில் ஒரு விளக்கு, கால்மாட்டில் துணி வைக்க ஒரு தட்டு. பின்பக்க மூடியை ஜீப் பானட்டைத் தூக்குவது போலத் தூக்கினால் அங்கே ஒரு அடுப்படி இருந்தது. கேஸ் அடுப்பு, சின்னத் தொட்டி, நான்கு பாத்திரம் வைக்க இடம். தரையில் நின்று சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்கு வந்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டியது. ஜீப்புக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

"இதுல எத்தனை பேரு படுக்கலாம்?" என்று கேட்டார் இவர்.

"ரெண்டு பேர், சேட்டா."

"நெருக்கிப் படுத்தா?"

"நெருக்கிப் படுத்தாலும் ரெண்டு பேர்தான்."

விலையைக் கேட்டோம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய காரை வாங்கிவிடக்கூடிய விலை. "வெறும் ரெண்டு பேர் படுக்கிறதுக்கா?" என்று இவர் வாயைப் பிளந்தார். எனக்கோ அந்த ஒரு வார்த்தையிலேயே வண்டி பிடித்துப்போய்விட்டது. மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத ஒரு இடத்தை நான் அதுவரை கண்டதே இல்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போகிறோம், அந்த ஊரில் சொந்தக்காரர் இருக்கிறார் என்றால், அவர் வீட்டில்தான் தங்கியாக வேண்டும். லாட்ஜில் தங்கினால் அது அவர் முகத்தில் அறைந்தது மாதிரி. எங்களுக்கோ சொந்தக்காரர் இல்லாத ஊர் கிடையாது. சின்னமனூரில், கம்பத்தில், மதுரையில் இருப்பதை விடுங்கள். ராமேஸ்வரத்தில் கடலுக்குப் போகிற வழியில் ஒருவர் இருக்கிறார். கொடைக்கானலில் ஒருவர் ஏரியைப் பார்த்தே வீடு கட்டியிருக்கிறார். கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனோம். இரண்டு நாளும் அந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன். ஜன்னலில் ஏரி தெரிந்தது. கண்ணெல்லாம் எரிந்ததில் அதையும் சரியாகப் பார்க்க முடியவில்லை.

ஒரே ஒரு தடவை மதுரையில் ஜீப் கோளாறாகி லாட்ஜில் தங்கினோம். வாசலில் நின்ற ஜீப்பை யாரோ பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "வாங்க, வாங்க, உங்களுக்கு லாட்ஜு போட்டுறவா?" என்று கேட்டே கொன்றார்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சோதனை தேவாரம் என்ற ஊர்தான். அங்கே இவருடைய அக்கா இருக்கிறார், என் நாத்தனார். அக்கா புருஷன் காலமான பிறகு தென்னந்தோப்பையும் நிலத்தையும் தனியாளாகக் கட்டி மேய்க்கிற மனுஷி. ரொம்பப் பாசம். கோயில் கும்பிடு, காதுகுத்து, அறுவடை என்று எது வந்தாலும் நாங்கள் அங்கே போய்த் தங்கியாக வேண்டும். நாத்தனார் விடிவதற்கு வெகு முன்பே எழுந்துவிடுவார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்கும். நான் அடித்துப் பிடித்து எழுந்து போய், "குடுங்க மதினி, நான் பண்றேன்" என்பேன். "நீ போய்ப் படு தாயி" என்பார். "இல்ல மதினி, எனக்கு உறக்கம் கலைஞ்சிருச்சு" என்பேன். அத்தனையும் பொய். நின்றுகொண்டே தூங்குகிற நிலையில் தேங்காய் துருவுவேன். படு என்று சொல்கிறாரே என்று படுத்துவிட முடியுமா? நாத்தனார் வீட்டில் விடிந்த பிறகும் தூங்கிய மருமகள் என்ற பெயரை அதற்கப்புறம் எந்த ஆற்றில் கொண்டுபோய்க் கழுவுவது?

எனக்கு வேண்டியதெல்லாம் இதுதான். வெளியூரில் ஒரே ஒரு காலைப்பொழுது. யாரும் எழுப்பாமல், யாருக்காகவும் எழுந்திருக்காமல், நானாகக் கண்விழிக்க வேண்டும். அதற்கு அந்த விலை தகுமா தகாதா என்பதுதான் என் கணக்கு. தகும் என்று நான் அந்த முற்றத்திலேயே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் இதை இவரிடம் சொல்ல முடியாது. "எங்கக்கா வீடு உனக்குக் கசக்குதா?" என்று ஆரம்பித்தால் அது போடி வரைக்கும் ஓடும். அதனால் பொதுவாக, "நல்லாத்தான் இருக்கு, என்ன?" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

இவர் மூக்கைச் சுளித்தார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது.

இவர் ஏலக்காய் வியாபாரி. போடியில் ஏலத்துக்கு உட்காருகிறவர்களுக்கு ஒரு முகம் உண்டு. இப்போது விலை கேட்பதெல்லாம் கம்ப்யூட்டரில் என்று ஆகிவிட்டது. ஆனால் சாம்பிள் காய் இன்னும் கைக்குத்தான் வருகிறது. உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, ஒன்றை உரித்துக் கடித்து, மோந்து பார்த்துவிட்டுத் தரையில் எறிவார்கள். காய் பிடித்துவிட்டால் அப்போதுதான் முகத்தை அழுகிய முட்டையை மோந்தவர் போல வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பக்கத்து சீட்டுக்காரர் விலையை ஏற்றிவிடுவார். இந்த முகத்தை இவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூரையை அண்ணாந்து பார்த்து, "பஜ்ஜியில உப்புக் கூட" என்றார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று என் அப்பா வேறு ஜாதகம் தேடக் கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் இவர் வீட்டிலிருந்து தேதி குறிக்க ஆள் வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தெரியும். இவர் ஒன்றைப் பாராட்டினால் அதை வாங்கமாட்டார். குறை சொன்னால் ஆசைப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அன்றைக்கு நிறையவே குறை சொன்னார். சக்கரம் சின்னது என்றார். கொக்கி இளைத்திருக்கிறது என்றார். உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்து, "பாலிஷ் வாசம் அடிக்குது. காயில ஏறிக்கிரும்" என்றார்.

"காயா? சேட்டா, இதுல மனுசன் படுக்குந்நது."

"மனுசன் மேலயும் ஏறும்ல? பெறகு ஏலத்துல நான் சாம்பிள எப்பிடி மோந்து பாக்குறது? சரி, இருக்கட்டும். சாம்பிள் குடுங்க, பாத்துட்டு விலை சொல்றேன்."

மலையாளத்துக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாம்பிளா? ஆகெ ஒரு வண்டிதானே உள்ளூ?"

"அது போதும். ஒரு ராத்திரி குடுங்க. படுத்துப் பாக்காம எவனாச்சும் வாங்குவானா?"

கார் விற்கிறவரிடம், பசுமாடு விற்கிறவரிடம் எல்லாம் இவர் இப்படிச் சாம்பிள் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மலையாளத்துக்காரர் நல்ல மனிதர். எங்கள் தோட்டத்தையும் அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்துவிட்டு, "எடுத்தோ. விலை மாத்திரம் கொறைக்கான் பற்றில்லா கேட்டோ" என்று, விலையை மட்டும் குறைக்க முடியாதெனக் கையை ஆட்டிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். தன் மனைவி ஒருமுறை உள்ளே படுத்தாள், அப்புறம் ஏறவே மாட்டேன் என்கிறாள் என்று எங்களுக்குப் புரிகிற மாதிரி வருத்தமாகவும் சொன்னார்.

வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் இறங்கினோம். தோட்ட வேலை முடிந்து இறங்கும் ஜீப்புகள் எங்களைத் தாண்டும்போதெல்லாம் வேகம் குறைந்தன. ஒரு ஜீப்பிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, "அண்ணே, உள்ள என்ன லோடு? ஐஸ்கிரீமா?" என்று கத்தினார்கள். முந்தல் சோதனைச்சாவடியில் ஒருவர் வந்து கதவைத் திறக்கச் சொன்னார்.

"என்ன இது, மெத்தையா இருக்கு?"

"படுக்க" என்றார் இவர்.

"யாரு?"

"நானும் எம் பொண்டாட்டியும்."

அவர் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவருடைய நரைத்த மீசையை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் முந்தானையை இழுத்து முகத்தைத் துடைக்கிற மாதிரி மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்திப் படுத்தால் அது சாம்பிள் ஆகாதே. அதனால் குரங்கணி போகிற வழியில், இவருக்குப் பழக்கமான ஒருவருடைய மாந்தோப்புக்குக் கொண்டுபோனோம். பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் சலசலத்தது. எதிரே மலை நீலமாக இருந்தது. பின்மூடியைத் தூக்கி அடுப்பைப் பற்றவைத்து, இரண்டே இரண்டு டம்ளர் டீ போட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இவ்வளவு சின்னப் பாத்திரத்தில் டீ போட்டதே இல்லை. இவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "கொசு கடிக்குது, மேடு பள்ளமா இருக்கு, டீயில புகை வாசம்" என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். எனக்கு ஆனந்தமாக இருந்தது. வண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டேன்.

அப்போது போன் அடித்தது. இவரோடு ஏலத்துக்கு உட்காரும் ஒரு வியாபாரி. "அண்ணே, ஏதும் கஷ்டம்னா சொல்லுங்கண்ணே. நாங்க இருக்கம்ல? வீட்ட எதுக்குண்ணே விட்டீங்க?" என்றார்.

வைத்தவுடன் அடுத்தவர். பிறகு அடுத்தவர். மலையிலிருந்து இறங்கிய ஜீப்பெல்லாம் போடிக்குச் செய்தியைக் கொண்டுபோயிருந்தது. ஏலக்காய் விலை சரிந்ததில் இவர் மாட்டிக்கொண்டாராம். வீட்டைக் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பொண்டாட்டியோடு ஒரு டப்பாவுக்குள் குடியேறிவிட்டாராம். வியாபாரிக்கு நாணயம்தான் மூலதனம். இவர் நாற்காலியை விட்டு எழுந்து தோப்புக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "வாங்கத்தான்யா போறேன், வாங்க! விக்கல!" என்று கத்தினார். கத்தக் கத்த யாரும் நம்பவில்லை.

இருட்டுகிற சமயத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தேவாரத்து நாத்தனார். செய்தி அதற்குள் தேவாரத்துக்கும் போய், நாங்கள் இருக்கும் தோப்பையும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஒரு கையில் தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு, ஒரு கையில் பெரிய டார்ச் லைட், தோளில் போர்வை. தேவாரத்தில் யானை இறங்கித் தென்னையைச் சாய்ப்பதால் அந்த டார்ச் இல்லாமல் அவர் எங்கேயும் போவதில்லை. வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டார்ச்சால் தட்டிப் பார்த்தார்.

"ஏண்டா தம்பி, நான் என்ன செத்தா போயிட்டேன்? அத்தாம்பெரிய வீடு அங்க கெடக்க, காட்டுல வந்து படுத்திருக்கியாமே? என் மூஞ்சிய நான் எங்க கொண்டு வைக்க?"

"கடனெல்லாம் இல்லக்கா. சும்மா படுத்துப் பாக்க வந்தோம்."

"படுத்துப் பாக்கவா? வீட்டுல படுத்துப் பாத்ததே இல்லையா நீ?"

விளக்கிச் சொல்வதற்குள் ஆட்டோக்காரர் போய்விட்டார். மூன்று பேரும் கறிக்குழம்பு சாப்பிட்டோம். பாத்திரம் கழுவினேன். நாத்தனாருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். இதிலிருந்து தப்பிக்கத்தான் நான் இங்கே வந்ததே. அதோடு முடியவில்லை. "யானை வந்து ஒரு மிதி மிதிச்சா இந்த டப்பா என்னத்துக்கு ஆகும்? உங்களத் தனியா விட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?" என்று நாத்தனார் போர்வையை உதறினார். "ரெண்டு பேருதான படுக்கலாம்? நானும் இவளும் படுத்துக்கிர்றோம். நீ ஜீப்புல படு."

என் சாம்பிள் ராத்திரியில், மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லாத வண்டியில், இரண்டாவது ஆளாக நாத்தனார் வந்து படுத்தார். இவர் தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அக்காவிடம் பேச இவருக்கு என்றைக்குமே வாய் கிடையாது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பின்மூடியை இவர் தலையில் போட்டுச் சாத்தலாம் போல இருந்தது. விடிவதற்கு முன் பாத்திரம் உருளப்போகிறது, நான் எழுந்தாக வேண்டும் என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

திடுக்கென்று எழுந்து பக்கத்தில் பார்த்தேன். நாத்தனார் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தூங்குவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறேன். வெளியே இவர் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். குரங்கணிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து, இரண்டு தரம் கதவைத் தட்டியும் உள்ளேயிருந்து அசைவே இல்லையாம். எங்கள் பேச்சில் நாத்தனார் கண்விழித்தார். வெயிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட மாதிரி தலைமயிரை வேகமாக அள்ளி முடிந்துகொண்டு, "நீ எப்பத்தா எந்திரிச்ச?" என்று கேட்டார்.

"இப்பத்தான் மதினி."

"அப்பிடியா" என்றார். மெத்தையைக் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். வண்டியைத் திருப்பிக் கொடுக்க மலைக்குப் போகிறோம் என்றதும், தானும் வருவதாகச் சொல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தோப்பில் தேங்காய் வெட்ட ஆள் வருகிற நாள் அது. அதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

மலையாளத்துக்காரர் முற்றத்தில் காத்திருந்தார். இவர் இறங்கிய உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"மெத்தை மெலிசு. காத்து வரல. ராத்திரி பூரா எனக்குப் பொட்டு உறக்கம் இல்ல."

"நீ ஜீப்புலதானடா படுத்த?" என்றார் நாத்தனார்.

மலையாளத்துக்காரர் விலையில் அசையவில்லை. இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கிளம்புகிற மாதிரி ஜீப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். ஏலத்தில் இதெல்லாம் வழக்கம். அப்போது பின்னாலிருந்து நாத்தனார் தெளிவாகச் சொன்னார்: "சொன்ன விலைக்கு நான் எடுத்துக்கிர்றேன்."

இவர் காதில் இன்னொருவர் விலை கேட்கிற சத்தம் விழுந்தால் போதும், மூளை நின்றுவிடும். திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதுக்கு மேல ஆயிரம்" என்றார்.

"ரெண்டாயிரம்" என்றார் நாத்தனார்.

"அஞ்சு."

"ஏழு."

"அய்யோ! எந்தா இது? ஞான் அத்ர சோதிச்சில்லல்லோ!" என்று மலையாளத்துக்காரர் இருவருக்கும் நடுவில் வந்து கையை விரித்தார். அக்காளும் தம்பியும் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் கேட்காத விலையை அவர் தலையில் கட்ட இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள். நான்தான் உரக்கக் கத்தி நிறுத்த வேண்டியிருந்தது.

நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுத்தா. அவனுக்கு இது எதுக்குன்னு அவனுக்கே தெரியல. கேட்டது நீதான? உனக்கு எதுக்கு இது?"

வழக்கமாக இந்த இடத்தில் எனக்குச் சட்டென்று ஒரு பொய் வரும். கோயில் குளம் போக என்றோ, பேரப்பிள்ளைகளுக்கு என்றோ ஏதாவது ஒன்று. அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்திருந்ததால் பொய் வரவில்லை.

"உங்க வீட்டுக்கு வராம இருக்கத்தான் மதினி" என்று சொல்லிவிட்டேன்.

இவர் முகத்தில் இருந்த வியாபாரம் அப்படியே உதிர்ந்து போனது. இனி தேவாரம் பக்கம் தலைகாட்ட முடியாது, கும்பிடு, கல்யாணம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அதுக்குத்தான் தாயி" என்றார்.

"என்னது?"

"நீங்க வந்தா வீட்டுல இல்லாம இருக்கத்தான். தோப்புக் கடைசியில கொண்டுபோய்ப் போட்டு, இதுல போய்ப் படுத்துக்கிறலாம்னு பாத்தேன். நீ எம்புட்டு வெரசா எந்திரிக்கிற! நான் என்ன பண்ணுவேன்? விருந்தாளி எந்திரிச்சு வர்றப்ப அடுப்பு எரியலைன்னா நல்லாவா இருக்கும்? நீ வர்றன்னா மூணு மணிக்கே அலாரம் வச்சுத் தலகாணிக்கு அடியில போட்டுக்கிருவேன். மத்த நாள்ல வெயில் வந்த பெறகுதான்த்தா நான் கண்ணே முழிப்பேன்."

"மதினி, உங்க பாத்திரச் சத்தத்தக் கேட்டுத்தான நானே எந்திரிக்கிறேன்!"

"உனக்கு மிந்தி எந்திரிக்கணும்னுதான நான் பாத்திரத்தையே எடுக்கேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நாத்தனார் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் வண்டியின் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பிலேயே கண்ணீர் வந்து, அது பாதியில் நிஜ அழுகையாகவும் மாறிவிட்டது. எத்தனை வருடத் தூக்கம்! மரியாதை என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கண்ணில் ஒருவர் மிளகாய்ப்பொடி தூவியிருக்கிறோம். இவர் மட்டும் ஒன்றும் விளங்காமல், "அந்த வீட்டுல நான் உங்க ரெண்டு பேரையும் எழுப்புனதே இல்லையே" என்று தன் பங்குக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதான். அந்த வீட்டில் இவர் ஒருத்தர்தான் எப்போதும் நிம்மதியாகத் தூங்கியவர்.

மலையாளத்துக்காரர் கவலையாகக் கேட்டார்: "அப்போ வண்டி வேண்டே?"

"வேணும்" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். எங்களுக்குத்தான் இன்னும் எத்தனையோ சொந்தக்காரர்கள் மீதி இருக்கிறார்களே. அவர் முதலில் சொன்ன விலைக்கே பேசி முடித்தோம். ஏறிய தொகையை அவர் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். பாதி நாத்தனாருடைய தேங்காய்க் காசு, பாதி என் பெயரில் இருக்கும் மிளகுக் கொடிகளின் காசு.

"அப்ப எனக்கு?" என்றார் இவர்.

"ஜீப்பு உன்னோடதுதானடா" என்று நாத்தனார் தேற்றினார்.

பத்திரமெல்லாம் மாற்றி முடித்து வண்டியைத் தேவாரத்துக்கு இழுத்துப்போய், தோப்பில் யானை வராத பக்கமாகப் பார்த்து நிறுத்தினோம். இவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, நிறம் மட்டம், ஜன்னல் கோணல் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது நாத்தனார் ஜீப் வரைக்கும் வந்தார். எப்போதும் போல எனக்குப் பூ வைத்துவிட்டு, கன்னத்தைத் தடவி, என் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் கோயில் கும்பிடு வருது தாயி. ஊரே கூப்புடும், உன் புருசனும் கூப்புடுவான். நீ வந்துறாத. வீட்டுல நல்லாப் படுத்து உறங்கு. நானும் உறங்குறேன்."

எத்தனையோ பேர் எத்தனையோ விசேஷத்துக்கு என்னை வருந்தி வருந்தி அழைத்திருக்கிறார்கள். வரவேண்டாம் என்று இவ்வளவு பிரியமாக யாரும் சொன்னதில்லை.